பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பிரதி

வைகாசி 2, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட சீலை பக்கத்து வளவில். வாய் நிறைய மண்.

வாங்க வேண்டியவை: செத்தல் மிளகாய் 100, சவர்க்காரம் 1, தேங்காய் 2 (சின்னது என்றால் 3), முழங்காலுக்குப் பூசும் எண்ணெய்.

இந்த டயறி தர்சி தந்தது. அவளுடைய ஒபிசில் மிஞ்சியதாம். “எழுதுங்கோ அம்மம்மா, உங்கட கையெழுத்து என்ரையை விட வடிவு” என்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவள் பட்டப்படிப்பு. இருந்தாலும் கையெழுத்து விஷயத்தில் அவள் சொல்வது உண்மைதான்.

தர்சி என் மகளின் மகள். பாலையூற்று வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுடைய ஒபிஸ் துறைமுக வீதியில். கடல் கொண்டுபோனதும் சண்டை கொண்டுபோனதும் போக, சனங்களிடம் மிஞ்சிய பேப்பர்களை அங்கே படம் பிடித்து வைக்கிறார்கள். காணிப் பெர்மிட், பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு. எல்லாம் ஒரு மெசினுக்குள். அந்த மெசினுக்கு என் பேத்திதான் பொறுப்பு. இருபத்தைந்து வயது. ஒபிசில் நாலு ஆம்பிளைகள் இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அதைத் தொடத் தெரியாது. இதை நான் ஊரெல்லாம் சொல்வதில்லை. டயறியில் எழுதலாம்.

மெசினுக்கு ஏதும் நடந்தால்? அதற்குத்தான் பெட்டி. குளிக்கும் சவர்க்காரக் கட்டியை விடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு. மெசினில் உள்ளது எல்லாவற்றுக்கும் பிரதி அதில். பின்னேரம் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவாள். ஒபிஸ் எரிந்தாலும் பெட்டி வேறிடத்தில். வேறிடம் என்றால் என்னுடைய அலுமாரி. கூறைச் சீலைக்குக் கீழே.

பெட்டிக்கு அவள் சொன்ன சட்டம்:
விழுத்தக் கூடாது.
நனைக்கக் கூடாது.
அரிசிக்குள் வைக்கக் கூடாது (நான் கேட்டேன்).
ஒருவருக்கும் சொல்லக் கூடாது.

காலையில் சாப்பாட்டோடு பெட்டியை எடுத்துக் கையில் கொடுப்பது என் வேலை. ஒரு நாளும் தவறவில்லை.


வைகாசி 3, புதன்

காற்று. இரண்டு தேங்காய் போதும்.

சந்தையில் இரண்டு பெண்கள்:
“பத்து மணிக்கு வாறன் எண்டியள்?”
“வந்தனானே. உங்கட பத்தோ எங்கட பத்தோ?”

புதுவருசத்தோடு நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பத்து வருசத்தில் மூன்றாவது தரம். முன்பு முன்னுக்குத் தள்ளினார்கள், பிறகு கொஞ்சம் பின்னுக்கு, இப்போது இன்னும் பின்னுக்கு. என் குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கும் மணிக்கூட்டை நான் மாற்றவில்லை. கதிரை போட்டு ஏற வேண்டும், முழங்கால் ஏலாது. அது ஒரு காரணம். மற்றது, திரும்பவும் மாற்ற மாட்டார்கள் என்று யார் கண்டது? அரை மணி கழித்துப் பார்த்தால் ஆயிற்று.

இன்றைக்குத் தர்சியிடம் கேட்டேன், பிரதியை யார் எடுப்பது என்று.

“ஒருத்தரும் எடுக்கிறேல்லை அம்மம்மா. அது தானா எடுக்கும். நான் எழுதி வைச்சிருக்கிறன்.”

“நீயே ஒரு பட்டனை அமத்தினா என்ன?”

“மறந்திடுவன். மனிசர் மறக்கும். மெசின் மறக்காது.”

எழுதி வைத்ததைக் காட்டச் சொன்னேன். ஒரு துண்டில் எழுதித் தந்தாள். அப்படியே இறக்குகிறேன்:

45 12 * * 1-5

அதற்குப் பின்னால் ஆங்கிலம் நீளமாக. அது என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையாம். முன்னால் உள்ள ஐந்தும் எப்போது செய்ய வேண்டும் என்பது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை. நட்சத்திரம் போட்டால் எதுவானாலும் சரி என்று அர்த்தமாம். எந்தத் திகதியும் சரி, எந்த மாதமும் சரி, திங்கள் முதல் வெள்ளி வரை, பன்னிரண்டே முக்காலுக்கு. மெசினுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறானாம், நிமிடத்துக்கு நிமிடம் எழும்பி இந்தத் துண்டைப் பார்ப்பானாம்.

பஞ்சாங்கத்துக்கும் அங்கம் ஐந்துதான். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம். ஐயருக்கு அதைப் பார்க்க ஒரு கண்ணாடி, ஒரு வெற்றிலைத் தட்டு, அரை நாள். இவள் ஒரு வரியில் எழுதிவிட்டாள்.

ஏன் பன்னிரண்டே முக்கால்? கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒபிசில் ஜெனரேற்றர் ஓடும், அப்போது மின்சாரம் துள்ளாது. பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் பெட்டியை மெசினில் கொழுவுவாள். சாப்பிட்டுவிட்டு வந்து, பிரதி போட்டாயிற்று என்று மெசின் எழுதும் குறிப்பைப் பார்த்ததும் கழற்றிவிடுவாள். “ரெண்டும் நாள் முழுக்க ஒண்டா இருந்தா, ஒரு மின்னலுக்கு ரெண்டும் போயிடும்.” அந்த மெசின் லினக்ஸ் என்ற வகையாம். முன்பக்கத்தில் ஒரு கொழுத்த பறவையின் படம். சிரித்த முகம். எனக்குப் பிடித்திருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் இன்னொரு கதை. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து டிறெக்டர் வருகிறாராம். மெசினைக் கொழும்புக்குக் கொண்டுபோகலாமா என்று பார்க்க. “இங்க ஆபத்தாம். அங்க ஆக்கள் கனபேராம்.” கொண்டுபோனால் இவளுக்கு வேலை இல்லை. அதை அவள் சொல்லவில்லை. “மூதூர்ச் சனம் ஒரு பேப்பருக்குக் கொழும்பு வரைக்கும் போகவேணும் அம்மம்மா. எத்தினை செக்பொயின்ற்?” அதைத்தான் சொன்னாள்.

கத்தரிக்காய்க்குப் புளி கூடிவிட்டது.


வைகாசி 4, வியாழன்

பகல் வெக்கை. பின்னேரம் எழுத மனமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் லோஞ்சில் கடல் கடந்து வந்த பரீதா எங்கள் வீட்டுக்கும் வந்து போனாள். மூதூர்க்காரி. மீன் கொண்டு வருவாள், பதினைந்து வருசப் பழக்கம். சித்திரை நடுவில் தகப்பனின் காணிப் பெர்மிட்டைத் தர்சியிடம் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனவள். போன கிழமை அவளுடைய மகள் வீட்டுக் கூரை எரிந்தது. பெர்மிட் அங்கேதான் இருந்தது.

“அம்மா, கடதாசி போச்சு. இனி உங்கட பிள்ளைட மெசின்தான்.”

“நாளைக்கு ஒபிசுக்குப் போ. தர்சி எடுத்துத் தருவாள்.”

“இருக்கும்தானே?”

“என்ர பேத்தி வைச்சா இருக்கும்.”

அப்படித்தான் சொன்னேன். பெருமையோடு. வாய்.

பி.ப. 5. தர்சி வந்தாள். ஒபிசின் மடிக் கொம்பியூட்டரையும் கொண்டு வந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். மெசின் இன்றைக்கு இடமில்லை என்று சொன்னதாம். இடம் நிறைய இருக்க வேண்டும், எப்படி நிரம்பியது என்று தெரியவில்லை. பெட்டியைக் கொழுவிப் பார்த்தாள். நான் குசினி வாசலில்.

திரையில் மேலும் கீழும் தேடினாள்.

“அம்மம்மா, இதில சித்திரை பிறந்ததுக்குப் பிறகு ஒண்டுமில்லை.”

ஐந்து கிழமை. ஐந்து கிழமையாகக் காலையில் நான் எடுத்துக் கொடுத்ததும், பின்னேரம் வாங்கிச் சீலைக்குக் கீழே வைத்ததும் பழைய பிரதி. பரீதாவின் பேப்பர் இதில் இல்லை. மெசினில் மட்டும். அந்த மெசின் இன்று பூட்டிய ஒபிசில் தனியே.

என் பக்கமும் ஒரு குற்றம் இருந்தது. சொல்லிவிட்டேன்.

“பிள்ளை, நான் வெள்ளிக்கு வெள்ளி அதுக்குத் திருநீறு பூசினனான்.”

நிமிர்ந்து பார்த்தாள். “பெட்டிக்கோ?”

“மேலதான். கொஞ்சம்தான்.”

சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். “அதால இல்லை அம்மம்மா. அதால இல்லை.”

பிறகு, மடிக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த மெசின் குறிப்பைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் 12.45, பிரதி போட்டாயிற்று, 12.45, போட்டாயிற்று. தவறே இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள். நகத்தைக் கடித்தாள். நேரம் என்னவென்று பார்க்கத் தலையைத் தூக்கினாள். குசினி மணிக்கூட்டில் ஆறரை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு.

மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்தேன், இன்றைக்கு இவள் அதைக் கழற்றி எறியப் போகிறாள் என்று.

“மெசினுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை” என்றாள்.

“என்னத்தை?”

“நேரம் மாறினதை. அது இன்னும் உங்கட மணிக்கூடு மாதிரித்தான் ஓடுது. அதுக்குப் பன்னிரண்டே முக்கால் எண்டா எங்களுக்குப் பன்னிரண்டே கால். நான் பன்னிரண்டரைக்குத்தான் பெட்டியைக் கொழுவுறன்.”

கொழுவ முன்னமே, அந்தக் கால் மணிக்குள் பிரதி எடுத்து முடிந்துவிடும். பெட்டி இல்லாமலே? ஓமாம். பெட்டிக்கென்று மெசினுக்குள் ஒரு இடம் பேர் போட்டு வைத்திருக்கிறாள். பெட்டி இருந்தால் அதற்குள் விழும். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே, மெசினின் சொந்த நிலத்தில் விழும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரியாமல் வாளி வைக்கப் பிந்தின கதை. தண்ணீர் வந்தது, ஓடியது, நின்றது. குசினி நிலம்தான் நிரம்பியது. நாங்கள் பிறகு வெறும் வாளியைக் கொண்டுபோய் வைத்துக் கொண்டுவந்தோம், ஐந்து கிழமை.

“போட்டாச்சு எண்டு அது சொன்னது பொய்யில்லை அம்மம்மா. எங்க போட்டனி எண்டு நான்தான் கேக்கேல்லை.”

மெசின் மறக்காது என்றாளே. பழைய நேரத்தைக்கூட மறக்கவில்லை.

சாப்பிடவில்லை. நாளைக்கு டிறெக்டர்.


வைகாசி 5, வெள்ளி

முருகா. நல்ல நாள்தான். முழுதும் எழுத வேண்டும்.

அவள் வெறும் வயிற்றோடு ஆறேகாலுக்கு வெளிக்கிட்டாள். நானும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே. “நீங்க ஏன்?” “சாப்பாடு ஆர் தாறது?” வாக்குவாதம் இல்லை.

செக்பொயின்ற்றில் புது ஆமிக்காரன். பெட்டியை எடுத்து மேலும் கீழும் திருப்பினான். தர்சி ஒபிஸ் கடிதத்தைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னாள். என்ன வடிவாகக் கதைக்கிறாள். அவன் விரலில் திருநீறு ஒட்டியது. பார்த்தான், என்னைப் பார்த்தான். “சாமிப் பெட்டி?” என்றான் தமிழில். தலையாட்டினேன். இரண்டு கையாலும் திருப்பித் தந்தான்.

ஒபிஸ்: இரண்டு அறை, சனம் இருக்க ஒரு நீள வாங்கு, சுவரில் மழைக்கறை. மெசின் நான் நினைத்ததை விடச் சின்னது. வீட்டில் கொழுக்கட்டை அவிக்கும் பானை அளவு. பறவைப் படம் இருந்தது. என்னைக் கதிரையில் இருத்திவிட்டு அவள் வேலை தொடங்கினாள். திரையில் கறுப்பு நிலத்தில் வெள்ளை எழுத்து, படமில்லை, ஒன்றுமில்லை. இவள் ஒரு வரி எழுதுவாள், அது பதில் சொல்லும். இருவரும் கதைப்பது போல. முதலில் மெசினுக்கு நேரத்தைச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு காவல்காரனை ஒருமுறை எழுப்பிவிட்டாள், அவனுக்கும் புது நேரம் தெரிய வேண்டுமாம். பிறகு நிலத்தில் சிந்திக் கிடந்த பிரதிகளில் கடைசியை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் கூட்டித் துடைத்தாள். விரல் ஓடிய வேகம்! நான் அந்த வயதில் வெங்காயம் உரித்த வேகம்கூட அதற்கு ஈடில்லை.

பத்து மணி. டிறெக்டர். கொழும்புத் தமிழர், ஒல்லி, சேர்ட்டில் இரண்டு பேனா. வந்து கதிரையில் இருக்க முன்னமே தர்சி எழும்பிப் போய் முன்னால் நின்றாள்.

“சேர், நீங்க கேக்க முன்னம் நான் ஒண்டு சொல்லவேணும். அஞ்சு கிழமையா வெளியில கொப்பி போகேல்லை. என்ர பிழை.”

எல்லாவற்றையும் சொன்னாள். நேரம், பெட்டி, இடம். ஒன்றும் ஒளிக்கவில்லை. அவர் குறிப்பைப் பார்த்தார்.

“இதில எல்லாம் சரி எண்டுதானே இருக்கு. நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது.”

“ஓம் சேர். தெரிஞ்சிராது.”

அவர் குறிப்பை மேசையில் வைத்தார். பிறகு: “இதுக்குத்தான் சொல்லுறது. கொழும்பில எண்டா இந்தப் பிழை வராது.”

என் வாய் நிற்கவில்லை. “ஏன் தம்பி, கொழும்பில நேரம் மாறேல்லையோ?”

தர்சி என்னைப் பார்த்த பார்வை. அவர் திரும்பினார். “இவ ஆர்?”

“அம்மம்மா, சேர். பெட்டியை வைச்சிருக்கிறவ.”

அவர் சிரித்ததாக எனக்குப் பட்டது. நிச்சயமில்லை.

பதினொன்றரைக்குப் பரீதா வந்து வாங்கில் இருந்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரை. மணி அடித்தது. ஜெனரேற்றர் இரைச்சல். பெட்டியைக் கொழுவினாள். எல்லோரும் சும்மா நிற்கிறோம், டிறெக்டரும். பன்னிரண்டே முக்கால். ஒருவரும் தொடவில்லை. பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன நீல வெளிச்சம் கண் சிமிட்டத் தொடங்கியது. தானாக. அலுமாரியில் எத்தனை நாள் வைத்து எடுத்திருக்கிறேன், அதற்கு அப்படி ஒரு கண் இருப்பது எனக்குத் தெரியாது.

ஒரு மணி ஐந்துக்கு நின்றது.

அப்போது அவர் செய்ததுதான் வேலை. “சரி. மெசினை நிப்பாட்டுங்கோ. எரிஞ்சு போச்சு எண்டு வையுங்கோ.” வாங்கைக் காட்டினார். “இப்ப அந்த அம்மாட பேப்பரை எனக்கு எடுத்துத் தாங்கோ.”

தர்சி மெசினை நிறுத்தினாள். மூலையில் கிடந்த ஒரு பழைய கொம்பியூட்டரை இழுத்து மேசையில் வைத்தாள். பெட்டியை அதில் கொழுவினாள். முதல்தரம் அது பெட்டியை அறியவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. கழுத்தெல்லாம் வியர்வை, துடைக்கவில்லை. பெட்டியைக் கொழுவும் கயிற்றை மாற்றினாள். கண் சிமிட்டியது. தேடினாள். அச்சு மெசின் கிரீச் கிரீச் என்று இழுத்து ஒரு தாளைத் தள்ளியது.

பரீதா எழும்பி வந்தாள். தாளை வாங்கினாள். மூலையில் தேத்தண்ணிக் கறை கூட அப்படியே வந்திருந்தது.

“எண்ட வாப்பாட கையெழுத்து” என்றாள். “அல்லாஹ். கறையும் எண்ட கறைதான்.”

டிறெக்டர் போகும்போது சொன்னது: “ஒரு மாசம் பாப்பம். ஒரு நாளும் தவறக் கூடாது. ஒரு நாள் விடுபட்டாலும் மெசின் கொழும்புக்கு.” வாசலில் நின்று என்னிடம்: “அம்மா, பெட்டி கவனம்.”

வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.


வைகாசி 6, சனி

காற்று குறைவு. மிளகாய் காயப் போட்டேன். முழங்கால் பரவாயில்லை.

தர்சி மேசையில் இருந்து ஒரு தாளில் எழுதினாள். இனிக் காவல்காரன் தண்ணீர் திறக்க முன்னம் வாளி இருக்கிறதா என்று பார்ப்பானாம். இருந்தால் திறப்பான். இல்லாவிட்டால் திறக்க மாட்டான், மெசினைக் கத்த வைப்பான். “கீ கீ எண்டு கத்தும். ஒபிஸ் முழுக்கக் கேக்கும்.” இரண்டு வரிதான். இதை முன்பே எழுதியிருக்கலாமே என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “இதை முதலே எழுதியிருக்கவேணும்.”

மணிக்கூட்டை மாற்றிவிடவா என்று கேட்டாள். கதிரையைக் கூட இழுத்துவிட்டாள்.

“விடு பிள்ளை. மெசினுக்கு ஒரு துணை இருக்கட்டும் எண்டுதான் வைச்சிருந்தன்.”

“மெசினை மாத்தியாச்சே.”

“என்னை மாத்தேல்லையே.”

கதிரையைத் திரும்ப வைத்தாள்.

திருநீறு பற்றி ஒரு முடிவு: பெட்டிக்கு இல்லை, பெட்டி வைக்கும் சீலைக்கு மட்டும். இரண்டு பேரும் சம்மதம்.


வைகாசி 8, திங்கள்

விடிய ஐந்தரைக்கு ஆமி ரவுண்டப். தெரு முழுக்கச் சோதனை. எங்கள் வீட்டுக்குள் மூன்று பேர். அலுமாரியைத் திறந்து சீலைகளை வெளியே போட்டார்கள். பெட்டியைப் பார்த்தான் ஒருவன், தர்சி கடிதத்தைக் காட்டினாள், போனார்கள். எட்டு மணிக்குத்தான் தெருவை விட்டார்கள். அவள் அரை வயிற்றோடு ஓடினாள். நான் சீலைகளை மடித்து அடுக்கினேன். கூறைச் சீலை கசங்கிவிட்டது. மனம் சரியில்லை.

சமையல்: பருப்பு, முருங்கையிலை. மீன் இல்லை, லோஞ் ஓடவில்லை.

இப்போது சாப்பிட்டுவிட்டு எழுத இருக்கிறேன். பரீதா நேற்றுச் சொல்லி அனுப்பியிருந்தாள், அந்தத் தாளுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு—

போன். தர்சி.

“அம்மம்மா, மெசின் கத்துது.”

பின்னால் கீ கீ என்று எனக்கே கேட்டது.

“சனத்துக்குள்ள பன்னிரண்டரை போனதே தெரியேல்லை. பெட்டி எங்க அம்மம்மா?”

அலுமாரியில். நான் மடித்து வைத்த சீலைக்குக் கீழே. இன்றைக்கு நான் அதை அவள் கையில் கொடுக்கவில்லை.

குசினி மணிக்கூட்டில் ஒன்று பதினாறு. அப்படியென்றால் பன்னிரண்டு நாற்பத்தாறு. ஜெனரேற்றர் ஒன்றரை வரைதான். முழங்காலைப் பார்க்க நேரமில்லை. குடை. அடையாள அட்டை. பெட்டி. டயறியும் பையோடு.


அதே நாள். ஒபிசில், கதிரையில் இருந்து எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது.

பஸ் இல்லை, ஓட்டோ. செக்பொயின்ற்றில் அதே ஆமிக்காரன். தூரத்திலேயே கண்டுவிட்டு “சாமிப் பெட்டி, போங்க, போங்க” என்றான்.

தர்சி வாசலுக்கே ஓடி வந்தாள். பெட்டியை வாங்கினாள், கொழுவினாள். கத்தல் நின்றது. இன்றைக்கு மட்டும் துண்டை மாற்றி எழுதினாள்: 10 13. மெசினுக்குப் பன்னிரண்டுக்குப் பிறகும் எண்ணத் தெரியுமாம், பதின்மூன்று என்றால் ஒன்று.

அவளுடைய கைக்கடிகாரத்தில் ஒன்று ஒன்பது. எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். என் தோளில் கை போட்டாள்.

“நான் மறந்திட்டன் பிள்ளை.”

“மனிசர் மறக்கும் அம்மம்மா. அதுக்குத்தானே.”

ஒன்று பத்து. கண் சிமிட்டுகிறது.